கேஸ் கீசர் பற்ற மறுத்தால்...

குற்றால சீசன் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவி ஞாபகம் வரும். இலத்தூர், செங்கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், வெந்நீர் என்பார்கள்! ஜூன், ஜூலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்து இறங்கும்போது, மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரைக் காலை ஆறு மணிக்குத் தலையில் ஊற்றத் தனி தைரியம் வேண்டும். அந்தக் காற்றில் கரண்டும் அடிக்கடி போகும். எங்கள் வீட்டுக்குக் கேஸ் கீசர் வந்தது அதனால்தான்.

(கீசர் என்பது ஐஸ்லாந்தில் பீறிட்டு அடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பேர். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் மாகன் என்ற பெயிண்டர், கேஸில் தண்ணீர் சுட வைக்கும் கருவி ஒன்றைச் செய்து அந்தப் பேரை வைத்தார். எரிந்த புகை வெளியே போக அதில் குழாயே கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

போன சீசனில் ஒரு நாள், "ஏல, இது பத்த மாட்டேங்கு" என்று ஆச்சி குளியலறையிலிருந்து சத்தம் போட்டார்.

உள்ளே நடப்பது எளிய விஷயம்தான். குழாயைத் திறந்ததும் ஓடுகிற தண்ணீர் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். அது ஒரு சின்ன சுவிட்சை அழுத்தும். உடனே பேட்டரியிலிருந்து பொறி பறக்கும், கேஸ் வால்வு திறக்கும். தீ பிடித்ததா என்று ஒரு கம்பி பார்த்துக்கொண்டிருக்கும். சில விநாடிகளில் தீ தெரியாவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும்.

ஆகவே முதலில் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். 'டிக் டிக்' வந்தும் பற்றவில்லையா? கேஸ் வரவில்லை. சிலிண்டர் தீர்ந்திருக்கலாம், புதிதாக மாற்றியிருந்தால் ரப்பர் டியூபில் காற்று நிற்கும், இரண்டு மூன்று முறை திறந்து மூடினால் சரியாகும். ஆனால் கேஸ் நெடி அடித்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

'டிக்' சத்தமே இல்லாவிட்டால் பேட்டரி, இல்லாவிட்டால் தண்ணீர். எங்கள் வீட்டில் பேட்டரி மாற்றியும் சத்தம் வரவில்லை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. எங்கள் தொட்டி கீசருக்கு மேலே இரண்டு மீட்டர்தான், அதாவது 0.2 பார். சவ்வு அசைய அதுவே மட்டுமட்டு. போதாததற்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் இருந்த கம்பி வலையில் மணல் அடைத்திருந்தது. வலையைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் 'குப்'பென்று பற்றியது.

பற்றியது, அணைந்தது. மறுபடி பற்றியது, மறுபடி அணைந்தது. வெண்டிலேட்டர் வழியாக வந்த காற்றுதான் காரணம். வந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஒரு பலகைய வச்சு அதை அடைச்சிருங்க, நிம்மதியா எரியும்" என்றார். ஆச்சிக்கும் சம்மதம், குளிரும் அடிக்காதே!

நான் விடவில்லை. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய சின்ன அறையில் அது குறையக் குறைய, கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டர் கேஸுக்காவது கண்டுபிடிப்பதற்கென்று நாற்றம் கலக்கிறார்கள். இதற்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுற்றும், கால் துவளும், தாழ்ப்பாளைத் திறக்கவே தெம்பு இருக்காது. இப்படிக் குளியலறையில் விழுந்தவர்களை வலிப்பு என்று நினைத்துத் தூக்கி வந்த கதைகளை நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். எழுபது தாண்டிய ஆச்சி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் குளிப்பவர். அணைகிற கீசரால் அவருக்கு ஒன்றும் ஆகாது. பலகை வைத்த பிறகு நிம்மதியாக எரியும் கீசரை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் கீசரைக் கழற்றிப் புறவாசல் சுவரில், கூரைக்குக் கீழே மாட்டினோம். சுவரில் துளை போட்டு வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தோம். தண்ணீர் ஓடினால் தானாகப் பற்றும் சாதனம், அது எந்தப் பக்கம் இருந்தால் என்ன? குழாய்க்கும் கூலிக்கும் அப்பா முணுமுணுத்துக்கொண்டே பணம் கொடுத்தார்.

காற்று பலமாக அடிக்கும் நாட்களில் இப்போதும் சில சமயம் அணைகிறது. ஆச்சி உள்ளேயிருந்து என்னைத் திட்டுவார், குழாயை மூடித் திறப்பார், வெளியே 'குப்'பென்று சத்தம் கேட்கும்.