ஒரு பை மண்

நமதூரின் பெயர் கோட்டுச்சேரிமேடு. பெயரில்தான் மேடு இருக்கிறதேயன்றி, ஏறுவதற்கென்று இங்கே ஒன்றுமில்லை. கிழக்கே கடல், மற்றைத் திசைகளில் வயலும் வாய்க்காலும் தென்னையும். வீட்டு அம்மிக்கல்கூட வெளியூரிலிருந்து வந்து சேர்ந்ததே. மலைகளைப் பற்றிய ஆயத்துகளை ஓதிக்கொடுக்கும்போது, "மலை எவ்வளவு உயரமிருக்கும், ஹஜ்ரத்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பள்ளிவாசல் மினாராவைக் காட்டி, அதைப்போல் பன்மடங்கு என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். திருநபி (ஸல்) அவர்கள் ஏறிச்சென்ற ஜபலுன்னூரைப் பற்றி மீலாது மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஒரு குன்றின் மீதேனும் நாம் ஏறியவரல்லர்.

இத்தகைய நம்மிடம், கல்லூரியில் பயிலும் நம் இளைய மகன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினான். தேசிய மாணவர் படையின் வாயிலாக டார்ஜிலிங் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் இருபத்தெட்டு நாள் அடிப்படைப் பயிற்சி. தந்தை ஒப்பமிட வேண்டும். உயிருக்கு ஊறு நேரினும் எவரையும் பொறுப்பாக்க மாட்டோம் என்பது அதன் சாரம்.

அவனுடைய உம்மா அந்தப் படிவத்தைத் தொடவும் மறுத்துவிட்டார். "கடலோரத்தில் பிறந்த பிள்ளைக்கு மலையில் என்ன வேலை?" என்றார். அச்சம் காரணமற்றதன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல் இக்கரைக்குள் ஏறிவந்ததைக் கண்டவர் அவர். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சியாளர்கள் திரௌபதி கா தண்டா மலையில் பனிச்சரிவில் சிக்கிய செய்தியும் அவர் நெஞ்சில் இருந்தது. இருபத்தேழு உடல்கள் மீட்கப்பட்டன, இருவரைக் காணவேயில்லை. அவ்வாண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்டையும் மகாலுவையும் பதினாறே நாள்களில் ஏறிமுடித்திருந்த சவிதா கன்ஸ்வால் என்னும் இளம் பயிற்றுநரும் மாண்டோருள் ஒருவர்.

நாம் நூல்களைப் புரட்டினோம். புரட்டியதில் அச்சம் தணியவில்லை. 1953 மே 29 அன்று எவரெஸ்டில் கால்வைத்த டென்சிங் நார்கே களப்பயிற்சித் தலைவராய் இருந்த நிறுவனம் அது. 1954 நவம்பரில் தொடங்கப்பெற்றது. ஆனால் அதன் முதலாவது முதல்வரான மேஜர் ஜெயால் 1958இல் சோ ஓயு மலையிலேயே உயிர்நீத்தார் என்றும் கண்டோம். கற்பிப்பவரையே கொண்டுபோகும் கல்வியாயிற்றே என்று மலைத்தோம். இந்த 'மலைத்தல்' என்னும் சொல்லை முன்னோர் சரியாகத்தான் படைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில், முன்பயிற்சிக்காக மாணவர்களைச் செஞ்சிப் பக்கம் அழைத்துச் சென்றார்கள். நாமும் உடன் போனோம். தடுத்துவிடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும் என்னும் எண்ணத்தோடே போனோம் என்பதை மறைப்பானேன்?

கருங்கல் வெயிலில் காய்வதற்கு முன்பே, ஸுபுஹு தொழுத கையோடு தொடங்கிவிட்டார்கள். இடுப்பிலும் தொடையிலும் பட்டைவார். அதில் எட்டு வடிவ முடிச்சாகக் கயிறு. கீழே ஒருவர் அக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏறுபவன் மேலேற மேலேறத் தளர்வை வாங்கிக்கொள்கிறார். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பாறையில் ஊன்றியிருக்க வேண்டும். புதியவன் அச்சத்தால் பாறையைக் கட்டியணைப்பான். அணைத்தால் பாதம் வழுக்கும். உடலைச் சற்றே விலக்கி நின்றால்தான் கால் பிடிக்கும்.

பயிற்றுநர் முப்பது வயது இளைஞர். நம் மகன் கட்டிய முடிச்சைப் பார்த்தார். சரியாகவே இருந்தது. ஆயினும் அவிழ்த்து மீண்டும் கட்டச் சொன்னார். பின்பு தாமும் இழுத்துப் பார்த்தார். கயிறு பிடிப்பவரையும் பார்க்கச் செய்தார். அடுத்த மாணவனிடமும் அப்படியே. பத்தாவது மாணவனிடமும் சலிப்பின்றி அப்படியே. ஹிஃப்ளு மத்ரஸாவில் நேற்று ஒப்பித்த பாடத்தை இன்றும் ஒப்பிக்கச் செய்யும் உஸ்தாதை அங்கே கண்டோம். தெரியும் என்று மாணவன் சொல்வதை நம்பிவிடுபவர் உஸ்தாதல்லர் என்பது முப்பதாண்டுக் காலமாக நம் கருத்து.

"ஐயா, நீங்களும் ஒருமுறை இறங்கிப் பாருங்களேன்" என்றார் அவர். மகனின் முழுக்காற்சட்டையை இரவல் வாங்கி அணிந்தோம். அந்தக் கோலத்தை நமதூர் ஜமாஅத்தார் காணாதது அல்லாஹ்வின் கிருபை. பின்வழியாகப் பாறையின் மேல் ஏறி, விளிம்பில் முதுகைக் காட்டி நின்று, கயிற்றை நம்பிப் பின்புறமாகச் சாய வேண்டும். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய ஹதீஸுக்கு எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கிறோம். அந்த விளிம்பில் நம் முழங்கால்கள் அவற்றில் ஒன்றையும் நினைவில் வைத்திருக்கவில்லை. "கயிறு என் கையில் இருக்கிறது, வாப்பா" என்று கீழிருந்து மகன் குரல் கொடுத்தான். அவன் கைமேல் பயிற்றுநரின் கை இருந்தது. பிஸ்மி சொல்லிச் சாய்ந்தோம்.

ஊர் திரும்பிய அன்றிரவே ஒப்பமிட்டோம். அவனுடைய உம்மா இரண்டு நாள் நம்முடன் பேசவில்லை.

அதன்பின் எழுந்தது ஃபிக்ஹுக் கவலை. மேற்குச் சிக்கிமில் யுக்ஸம் என்னும் ஊரிலிருந்து நடந்து, பதினாலாயிரம் அடிக்கும் மேலே ரதோங் பனியாற்றருகில் முகாம். அங்கே ஒளுவுக்கு என் செய்வது? காலணி கரண்டையை மூடுமாதலால், ஒளுவோடு அணிந்திருப்பின் பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு மஸ்ஹு செய்ய இடமுண்டு. தண்ணீரால் உடலுக்குத் தீங்கு வருமென அஞ்சினால் தயம்மும் உண்டு. தாதுஸ்ஸலாஸில் படையெடுப்பில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கடுங்குளிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்ததைக் கேட்டு நபிகளார் (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்களே! ஆனால் நம் ஷாபிஈ மத்ஹபில் தயம்முமுக்குப் புழுதியுள்ள மண் வேண்டும், பனிக்கட்டி ஆகாது. கடற்கரை மணலும் புழுதியில்லையேல் போதாது. ஆகவே கொல்லையில் காய்ந்த மண்ணைச் சலித்து, ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தோம். சலித்தவர் அவனுடைய உம்மா. அதுதான் அவர் தந்த சம்மதம்.

குளிர்காலத் தொடக்கத்தில் போனவன், முகம் கறுத்து, உதடு வெடித்துத் திரும்பினான். பனியில் வழுக்கினால் குப்புறப் புரண்டு, மார்புக்கடியில் பனிக்கோடரியின் அலகை ஊன்றி உடலை நிறுத்தும் வித்தையை முற்றத்துப் பாயில் விழுந்து காட்டினான். காலில் இரும்பு முட்சட்டம் அணிந்திருந்தால் பாதங்களைத் தூக்கிக்கொள்ள வேண்டுமாம். இல்லையேல் முள் குத்தி உடல் தலைகீழாகப் புரளும். ஒருநாள் பாதிவழி ஏறியபின், பனியின் நிலை சரியில்லையென்று பயிற்றுநர் அனைவரையும் திருப்பி அழைத்து வந்துவிட்டாராம். "எங்களுக்கெல்லாம் வருத்தம், வாப்பா" என்றான். அவனுடைய உம்மா அடுப்படியிலிருந்து, "அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும்" என்றார்.

பையில் பாதி மண் மீந்திருந்தது. கொல்லையிலேயே கொட்டினோம். குளிருக்காகத் தயம்மும் செய்து தொழுதவற்றை மத்ஹபின்படி மீட்டித் தொழுது வருகிறான். இன்னும் நான்கு வக்துகள் மீதமென்கிறான்.

உயர்நிலைப் பயிற்சிக்கான படிவம் சென்ற வாரம் வந்தது. நம் மேசைமேல், மிஷ்காத்தின் அடியில் இருக்கிறது.