கிராம்புத் தீவில் நான்கு நாள்

தார் எஸ் சலாம் நகரில் நான்காண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தபின், 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மும்பைக்குத் திரும்ப வேண்டியவனானேன். பெட்டிகள் கட்டியாயிற்று, வீட்டுச் சாவியையும் ஒப்படைத்தாயிற்று. நேரே விமானம் ஏறியிருக்கலாம். ஏறாமல், எதிரே கடலில் கிடக்கும் சான்சிபார்த் தீவுக்குச் சென்று நான்கு நாள் தங்குவதென்று முடிவு செய்தேன். “இத்தனை அருகில் இருந்தும் அதைப் பாராமல் போவதா?” என்று நண்பர்களிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மறுபாதியை எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

2020 பிப்ரவரியில் அப்பா மாட்டுங்காவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்” என்றார். அவர் அப்படிக் கேட்கும் வழக்கமே இல்லாதவர். “தேர்வு முடியட்டும், ஏப்ரலில் வருகிறேன்” என்றேன். “சரி, வரும்போது அந்த ஊர்க் கிராம்பு கொஞ்சம் கொண்டு வா” என்று முடித்துக்கொண்டார். புகையிலையை விட்ட நாள்முதல் உணவுக்குப்பின் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வது அவர் பழக்கம். மார்ச்சு 23 முதல் இந்தியாவுக்கு வழக்கமான அயல்நாட்டு விமானங்கள் இல்லையென்றாயின. மே மாதத்தில் அப்பா மறைந்தார். தம்பி கொள்ளி வைத்தான்; மூத்தவன் கைப்பேசித் திரையில் பார்த்தேன். பின்னர் வழி பிறந்தபோதும், ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி அங்கேயே இருந்துவிட்டேன். அம்மாவின் முகத்தை எதிர்கொள்ள அஞ்சினேன் என்பதே மெய்.

விரைவுப் படகு இரண்டு மணி நேரத்தில் தீவைச் சேர்த்தது. பவளப் பாறைக் கற்களால் கட்டிய பழைய நகரம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். பித்தளைக் குமிழ் பதித்த கனத்த கதவுகள். அவற்றுட் சில குசராத்திய மரபின என்றார்கள். 1883இல் சுல்தான் பர்காஷ் கட்டிய ‘அதிசய மாளிகை’யின் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து வீழ்ந்திருந்தது. 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தையின் இடத்தில் இன்று மாதா கோயில் நிற்கிறது. அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த மரம் நின்ற இடத்தில்தான் பலிபீடம் அமைந்ததென்பர். அங்கே நெடுநேரம் நிற்க என்னால் இயலவில்லை. தீவின் கிராம்புத் தோப்புகளை வளர்த்தவையும் அவ்வடிமைகளின் கைகளே.

மாலையில் கடற்கரையில் அமர்ந்திருந்தேன். அந்நாட்டார் காற்றுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்கிலிருந்து வீசுவது ‘கஸ்காசி’. பின்னர்த் தெற்கிலிருந்து எழுவது ‘குசி’. நம் மேற்குக் கரைப் பாய்க்கப்பல்கள் முன்னதைப் பற்றி இங்கே வந்தன. பின்னதைப் பற்றி ஊர் திரும்பின. வந்த வணிகன் நினைத்தபோது திரும்ப இயலாது. காற்றுத் திரும்பும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அவன் வீட்டில் ஏதேனும் நேர்ந்தால், காற்றின்மேல் பழி போட்டுவிடலாம். எனக்கோ பிப்ரவரியில் வேண்டிய மட்டும் விமானங்கள் இருந்தன. அன்று என் முதுகில் வீசிக்கொண்டிருந்தது குசி.

மூன்றாம் நாள் தோப்புகளுக்குச் சென்றேன். கிராம்பு என்பது மலராத மொட்டு என்பதைப் படித்திருந்தேன். மரத்தில் பார்த்தது அன்றுதான். பச்சையும் இளஞ்சிவப்புமான கொத்துகளைப் பறித்து, பாய்களில் பரப்பி வெயிலில் காய வைக்கிறார்கள். சில நாளில் அவை கறுத்துச் சுருங்கி, நம் அஞ்சறைப்பெட்டிக்கு உரிய உருவை அடைகின்றன. ஊர் முழுதும் அந்த மணம். சுவாஹிலியில் அதன் பெயர் ‘கராஃபூ’. நம் சொல்லுக்கு உறவுபோல ஒலிக்கிறது. உறவுண்டா என்பதை மொழிநூலார் சொல்லட்டும். பாய் ஓரம் அமர்ந்திருந்த மூதாட்டி, “கரிபு” என்று வரவேற்று, காய்ந்த மொட்டொன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். வாயில் இட்டேன். அப்பாவின் பேச்சில் எப்போதும் கலந்திருந்த வாசனை அது.

திரும்பும் நாள் தராஜானிச் சந்தையில் என்னையறியாமல், “அரைக் கிலோ” என்று கேட்டுவிட்டேன். பொட்டலம் கைக்கு வந்த பிறகே, யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. திருப்பித் தரவும் மனம் வரவில்லை.

மாட்டுங்கா வீட்டில் அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. குளித்து உணவு கொண்டபின் பொட்டலத்தை அவள் முன் வைத்தேன். முகர்ந்து பார்த்தாள். உள்ளே சென்று அப்பாவின் சிறிய எவர்சில்வர் சம்புடத்தைக் கொண்டுவந்து திறந்தாள். அடியில் நாலைந்து கிராம்புகள். சில பாதியாகக் கிள்ளப்பட்டவை.

“ஏப்ரலிலேயே தீர்ந்துபோகிற நிலை. தெருமுனைக் கடையில் வாங்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். ‘வேண்டாம், அவன் கொண்டுவருவான்’ என்று பாதி பாதியாகப் போட்டுக்கொண்டு ஓட்டினார்” என்றாள்.

பழையவற்றைக் கொட்டாமல், அவற்றின் மேலேயே புதியதை நிரப்பி மூடினாள்.