சாக்பீஸ் கோடு

கோவை மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு டயர் கடை. இசுசு வி-கிராஸ் பிக்கப் ஒன்று ஜாக்கியில் நிற்கிறது. கழற்றிப் போட்ட சக்கரங்களில் பொள்ளாச்சித் தோப்பின் மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் கன்னங்கரேலென்று புது அலாய் ரிம்கள். அவற்றின் மேல் கட்டை கட்டையாகப் பல் வைத்த ஆல்-டெரெய்ன் டயர்கள். வண்டிக்காரத் தம்பி சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுக்கிறான்.

ஐம்பதைத் தாண்டிய ஃபிட்டர் நிமிரவே இல்லை. ஹப்பைக் கம்பி பிரஷால் தேய்க்கிறார். துரு உதிர்ந்து இரும்பு பளிச்சிடும் வரை தேய்க்கிறார். இடையில் துரு இருந்தால் ரிம் ஒட்டி உட்காராது; உட்காராத ரிம்மின் நட் ஓடஓடத் தளரும். அந்தத் தேய்ப்பிலேயே அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ஆறு நட்டையும் முதலில் விரலாலேயே திருகுகிறார். உதவிப் பையன் ஏர் கன்னை நீட்ட, வேண்டாமென்று தலையசைக்கிறார். எதிரெதிராகக் கைஸ்பேனரில் முறுக்குகிறார்.

பழைய டயர் 245/70 R16. புதியது 265/75 R16. உயரம் ஐந்தரை சென்டிமீட்டர் கூடுதல். வண்டி தூக்குவது அதில் பாதிதான். ஆனால் மீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 107-இல் போய்க்கொண்டிருக்கும். டயரின் எடையும் ஏறுவதால் பிரேக்குக்கு வேலை கூடும், மைலேஜ் குறையும். தோப்புக்குப் போய்வர 265/70 தாராளம் என்பது என் எண்ணம். தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

"ஜம்முனு இருக்குதுங்கண்ணா!"

"இருங்க தம்பி. ஜாக்கியில நிக்கறப்ப எந்த டயரும் உரசாது."

வண்டி தரையில் இறங்குகிறது. டார்க் ரெஞ்சில் ஒவ்வொரு நட்டும் 'டக்' என்று ஒலி கொடுக்கும் வரை இறுக்குகிறார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டு. முன் டயரின் தோளில் தடிமனாகக் கோடு இழுக்கிறார். பையனைத் தம்பிக்குப் பக்கத்துச் சீட்டில் ஏற்றிவிட்டு, ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்கிறார். 'சர்ர்' என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துக் குனிகிறார். மட்கார்டின் உள்பக்கக் கறுப்பு பிளாஸ்டிக்கில், பின்மூலையில், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்று.

தம்பியின் முகம் வாடுகிறது. ஃபிட்டர் எதுவும் சொல்லவில்லை. வெள்ளை விழுந்த இடத்தில் மட்டும் ஹீட் கன் காட்டி, பிளாஸ்டிக் இளகியதும் மரக்கட்டையால் உள்ளே அழுத்திப் பிடிக்கிறார். ஆறும்வரை கையை எடுக்கவில்லை. மறுபடி கோடு, மறுபடி ஒடிப்பு. மூன்றாம் முறை சத்தமில்லை.

"ஸ்டெப்னி பழைய சைஸுதானுங்க தம்பி. அதை மாட்டுனா ஃபோர் வீல் போட்றாதீங்க. கியர்பாக்ஸ் போயிரும்."

"சரிங்கண்ணா."

பில் போடுமுன் அவர் இன்னொன்றும் சொன்னார். புது ரிம் மாட்டியவர்கள் எல்லோரும் கேட்க வேண்டியது அது: 100 கிலோமீட்டர் ஓடியதும் கடைக்குத் திரும்பி வந்து நட்டை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.