அத்தையைக் கேட்டிருக்கலாம்

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் மூன்று நிமிடம் பேசிவிடுவோம். “ரோபோ வந்தால் நம் வேலை போய்விடுமா?” என்று ஒரு காலை நிகழ்ச்சியில் நானும் அப்படித்தான் பேசினேன். “பயப்படாதீர்கள், திறனை வளர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டேன்.

அன்று மாலை புந்தோங்கிலிருந்து அத்தை கூப்பிட்டார். “ஏம்மா, நீ சொன்னியே ரோபோ, அது அடுத்த வாரம் எங்க கம்பெனிக்கு வருதாம். நான் என்னத்தம்மா வளர்த்துக்கிறது?”

அத்தைக்கு வயது 56. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்த பிறகு ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறை ஆலையில் சேர்ந்தார். 100 கையுறைகள் ஒரு பெட்டி, 10 பெட்டிகள் ஓர் அட்டைப்பெட்டி. அந்த அட்டைப்பெட்டிகளைத் தூக்கி பேலட்டில் அடுக்குவதுதான் வேலை. என் தம்பி உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு அதே ஆலையில் டெக்னீஷியனாக இருக்கிறான். அத்தை சொல்லித்தான் அந்த வேலை கிடைத்தது. இப்போது அத்தையின் வேலையைச் செய்யப்போகும் ரோபோவை ஓட வைக்கும் பொறுப்பு அவன் தலையில்.

தொழிற்சாலை ரோபோ புதிதல்ல. 1961இல் அமெரிக்காவில், நியூ ஜெர்சியிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் முதல் ரோபோ வேலைக்கு வந்தது. நம் பேராக்கிலேயே, தஞ்சோங் மாலிம் புரோட்டோன் ஆலையில் கார் உடலைப் பற்றவைப்பவை ரோபோக்கள்தாம். அவை வேலிக்குள் நின்று வேலை செய்பவை. அத்தையின் ஆலைக்கு வந்தது ‘கோபோட்’. மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதற்காக உருவான வகை. 2008இல் டென்மார்க்கில் விற்பனைக்கு வந்தது. யார் மீதாவது இடித்தால் உணர்ந்து நின்றுவிடும். அதன் கையைப் பிடித்து இழுத்து, “இங்கே எடு, அங்கே வை” என்று குழந்தைக்கு எழுதப் பழக்குவதுபோல் வழி காட்டலாம்.

“மாட்டுறது ரெண்டு நாள் வேலைக்கா. நிக்காம ஓட வைக்கிறதுதான் வேலை” என்றான் தம்பி.

காலையில் ஒழுங்காக ஓடியது. மதியம் மழை பிடித்ததும் அட்டைப்பெட்டி நழுவி விழுந்தது. தம்பி புரோகிராமைப் பார்த்தான். பதிவு செய்த எடையைச் சரிபார்த்தான். பெட்டியை உறிஞ்சிப் பிடிக்கும் கப்புகளை மாற்றினான். மூன்று நாளும் அதே கதை.

நான்காம் நாள் அத்தை பக்கத்தில் வந்து சொன்னாராம்: “மழை நாள்ல அட்டை நமுத்துப்போகும்டா. டேப் ஒட்டுன இடம் தூக்கிக்கும். நாங்க மேல பிடிக்க மாட்டோம், அடியில கை கொடுப்போம்.”

கப்புகளை டேப் ஓரத்திலிருந்து தள்ளி வைத்தார்கள். அடியில் தாங்க ஒரு தகடு பொருத்தினார்கள். சரக்கு வாசலருகே ஈரக்காற்றில் கிடந்த அட்டைகளை உள்ளே மாற்றினார்கள். ரோபோ ஓடியது.

“முதல் நாளே எனக்குத் தெரியும்மா” என்று அத்தை பிறகு என்னிடம் சொன்னார்.

“அப்ப ஏன் அத்தை சொல்லல?”

“யாரும் கேக்கல. அதோட, அது ஓடாம போனா நல்லதுதானேன்னும் நினைச்சேன்.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: “பையன் மூணு நாளா சாப்பிடாம சுத்துறான். முகத்தைப் பார்க்க முடியல.”

அடுக்கும் பகுதியில் ஒரு ஷிப்டுக்கு மூவர் இருந்தார்கள். அத்தை இப்போது ரோபோவைப் பார்த்துக்கொள்கிறார். ஒருவர் தரச் சோதனைக்கு மாறினார். மூன்றாமவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

“நான் வாயைத் திறந்தது தப்பாம்மா?” என்று அத்தை கேட்டார். பேசியே சம்பாதிக்கும் எனக்குப் பதில் வரவில்லை.

பால்மரம் சீவும்போது பட்டைக்கு உள்ளே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டுச் சீவ வேண்டும். அதைத் தாண்டினால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அந்த அளவு அத்தையின் கைக்குத் தெரியும். தோட்டம் விற்றபோது அந்தக் கைக்கு யாரும் விலை பேசவில்லை. இந்த முறையும் கிட்டத்தட்ட அப்படித்தான் போயிருக்கும்.

ரோபோ வருவதை அத்தையாலோ என்னாலோ நிறுத்த முடியாது. ஆனால் அது ஓட வேண்டுமானால் வேலை தெரிந்தவரைக் கேட்டாக வேண்டும். அதை முதல் நாளே கேட்கட்டும். சொல்லிக்கொடுத்தவருக்குப் பயிற்சியும் புதுப் பதவியும் சம்பளமும் என்ன என்பதையும் அன்றே பேசட்டும். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர் உள்ள உற்பத்தி நிறுவனங்கள் அவர்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சிக்கென எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு ஏற்கெனவே கட்டுகின்றன. அந்தப் பயிற்சி அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமா என்று உங்கள் ஆலையில் கேட்டுப் பாருங்கள்.

அத்தை கேட்டுவிட்டார். அவசரத்துக்கு அழுத்த வேண்டிய சிவப்புப் பட்டனைத் தம்பி காட்டியபோது சொன்னாராம்:

“இது மட்டும் போதாதுடா. மத்த பட்டனையும் காட்டு.”