ரிஃப் மலையில் ஒரு சல்லடைத் துணி

2024 ஆகஸ்டில் வந்த செய்தி அது. கஞ்சா பயிரிட்ட குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள், வழக்கில் சிக்கியவர்கள், போலீஸ் தேடிக்கொண்டிருந்தவர்கள் என 4,831 விவசாயிகளுக்கு மொராக்கோ மன்னர் ஆறாம் முகம்மது பொதுமன்னிப்பு வழங்கினார். ஸ்பெயினில் மலாகா நகரத்தில் தாவர வேதியியல் ஆராய்ச்சி செய்யும் என் நண்பர் இதை எனக்கு அனுப்பி, "அந்த 4,831 பேரில் ஒருவரை எனக்குத் தெரியும். வருகிறீர்களா?" என்று கேட்டார். கைத்தொழில்களைப் பற்றி எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்கக் கூடாது. அடுத்த வருடக் குளிர்காலம் தொடங்கியதும் கிளம்பிவிட்டேன்.

கடல் தாண்டி தாஞ்சியர், அங்கிருந்து நீலச் சுவர்களுக்குப் பேர்போன ஷெஃப்ஷாவென், பிறகு தேவதாரு மரங்களுக்கு நடுவே வளைந்து ஏறும் மலைச்சாலை. பாப் பெர்ரெட் என்ற சந்தை ஊரைத் தாண்டினால் கெத்தாமா வட்டாரம். நண்பர் சொன்ன அந்தப் பெரியவரின் கிராமம் இரண்டுக்கும் நடுவில் ஒரு சரிவில் இருக்கிறது.

வழியில் நண்பர் பாடம் நடத்தினார். பெண் பூவின் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுண்முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிசின் மணி. போதையும் மருந்தும் வாசனையும் அந்த மணிக்குள்தான். மணியை இலையிலிருந்து எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தே சரக்கின் பெயரும் விலையும் மாறுகின்றன. இமாசலப் பிரதேசத்தின் மலானா போன்ற ஊர்களில் பச்சைச் செடியை உயிரோடு உள்ளங்கையில் தேய்க்கிறார்கள். கையில் ஒட்டுகிற கருப்புப் பிசின்தான் சரஸ். ஈரமும் கைவியர்வையும் அதில் கலந்தே இருக்கும், சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். மொராக்கோவிலும் லெபனானிலும் செடியைக் காயவைத்துத் துணியில் சலிக்கிறார்கள். விழுவது பொன்னிறப் பொடி, அதை அழுத்தினால் ஹஷீஷ். ஐஸ் தண்ணீரில் அலசி மணியை அடியில் தங்கவைப்பது இன்னொரு முறை. சூட்டோடு தகடுகளுக்கு நடுவே நசுக்கிப் பிழிவது மற்றொன்று. கடைசியாக வருவது பியூட்டேன், எத்தனால், அழுத்தப்பட்ட கரியமில வாயு போன்ற கரைப்பான்களை வைத்துச் செய்வது. மொராக்கோவின் பழைய ஹஷீஷில் போதைப் பொருளான டி.எச்.சி. 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. கரைப்பானில் எடுத்த சரக்கில் அது 80 சதவீதத்தைத் தாண்டக்கூடும். இதைப் பழைய கஞ்சாவின் தம்பி என்று நினைத்துத் தொடுகிறவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்றார் நண்பர்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த வித்தியாசத்தை அறியும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் வணிக அளவு என்பது கஞ்சாவுக்கு 20 கிலோ, சரஸுக்கு 1 கிலோ. அதைத் தாண்டினால் பத்து வருடத்துக்குக் குறையாமல் சிறை.

பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். ஊரில் எல்லாரும் அவரை ஹாஜ் என்றே கூப்பிடுகிறார்கள். மெக்கா போகவில்லை. வயதுக்குத் தரும் மரியாதை அது. "பிடியாணை இருக்கிறவனுக்குப் பாஸ்போர்ட் யார் கொடுப்பார்கள்?" என்று அவரே சிரித்தார். புதினாத் தேநீர் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியும் வந்தது.

பெட்டிக்குள் துணிகள். ஐந்தாறு இருக்கும், எல்லாம் வெள்ளை, மடித்து வைத்தவை. எனக்கு எல்லாமே ஒரே துணிதான். அவர் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒன்று முதல் சலிப்புக்கு, இழை நெருக்கம். இன்னொன்று இரண்டாவதற்கு. ஒரு துணி அறுபதுகளின் கடைசியில் வெளிநாட்டு இளைஞன் ஒருவன் கொடுத்துப் போனதாம். ஓரம் இற்றுப்போயிருந்தது. நம் சித்த வைத்தியர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்கிறார்களே, அதே வேலைதான். அவர்கள் இடித்துச் சலிக்கிறார்கள், இவர் தட்டிச் சலிக்கிறார்.

பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் வாயில் துணியை மேளத்தோல் போல விறைப்பாகக் கட்டினார். காய்ந்த செடியை அதன்மேல் பரப்பி, பாலிதீன் விரிப்பால் மூடி, இரண்டு குச்சிகளால் அடிக்க வேண்டும். ஆனால் செடி இல்லை. சட்டப்படி பயிரிட உரிமம் வாங்கியபின் அறுவடை முழுவதும் கூட்டுறவின் எடைமேடைக்குப் போய்விட வேண்டும், வீட்டில் ஒரு கிளை இருந்தாலும் குற்றம். அதனால் வெறும் துணியிலேயே அடித்துக் காட்டினார். அடி பலமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், தாளம் பிடிப்பதுபோல் மென்மையாக இருந்தது. ஓங்கி அடித்தால் இலையும் நொறுங்கிக் கீழே வரும், பொடி பச்சையாகிவிடும். குளிர் வாட்டுகிற நாளில்தான் மணி உடைந்து நன்றாக உதிரும், வெயிலில் துணியில் அப்பிக்கொள்ளும். அதனால்தான் ஆகஸ்டில் அறுத்ததை இவர்கள் குளிர்காலம்வரை வைத்திருந்தார்கள். முதல் சில நிமிடங்களில் விழுவதுதான் உயர்ந்த ரகம். ஸ்பெயின்காரர்கள் அதை டபுள் ஜீரோ என்பார்கள். எப்போது நிறுத்துவது என்பதை யாரும் கடிகாரம் பார்த்துச் செய்வதில்லை. "சத்தம் மாறும்" என்றார். எவ்வளவு கேட்டும் அதற்குமேல் அவரால் விளக்க முடியவில்லை, எனக்கும் பிடிபடவில்லை.

ஐ.நா. போதைப்பொருள் அலுவலகத்தின் 2004 கணக்குப்படி, மொராக்கோவில் விளைந்த சுமார் 98,000 டன் செடியிலிருந்து கிடைத்திருக்கக்கூடிய பிசின் 2,760 டன். நூறு கிலோ அடித்தால் மூன்று கிலோ தேறாது.

இது ஆதிகாலத்துக் கலை என்று சுற்றுலா வழிகாட்டிகள் அளப்பார்கள். பெரியவரின் அப்பாவுக்கு ஹஷீஷ் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்குத் தெரிந்தது கீஃப். பூவைப் பொடியாக நறுக்கி, புகையிலை கலந்து, செப்ஸி என்ற நீளமான குழலில் புகைப்பது. சலிக்கும் முறை அறுபதுகளில் வெளிநாட்டுப் பயணிகளோடு வந்தது. கீஃப் தேவைப்பட்டது உள்ளூர்க்காரனுக்கு. கடல் தாண்டிப் போக வேண்டிய சரக்குக்கோ எடை குறைவாகவும் வீரியம் அதிகமாகவும் இருக்க வேண்டும். சிறுவனாக இருந்த பெரியவர் துணி கொடுத்த அந்த இளைஞனுக்குத் தண்ணீர் சுமந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டார்.

பிறகு நாற்பது குளிர்காலம் அடித்தார். இடது தோளிலிருந்து கை இப்போது காதளவுக்கு எழாது. பொடியைச் சுவாசித்துச் சுவாசித்து இருமல் நிரந்தரமாகிவிட்டது. ஒரு வருடம் யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். வேலித் தகராறுக்காரன்தான் என்கிறார். அவர் பெயரில் பிடியாணை வந்தது. அன்றிலிருந்து சந்தைக்குப் போகவில்லை, அடையாள அட்டையைப் புதுப்பிக்கவில்லை. மூத்த மகளின் கல்யாணம் அடுத்த மாவட்டத்தில் நடந்தது. வழியில் போலீஸ் சோதனைச் சாவடி. போகவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் நண்பர் மொழிபெயர்க்காமல் சற்று நேரம் இருந்தார். சிறைக்கே போகாமல் பன்னிரண்டு வருடம் ஒரு சரிவுக்குள் அடைபட்டுக் கிடந்த மனிதர் இவர்.

மறுநாள் பாப் பெர்ரெட் பக்கம் உரிமம் பெற்ற ஒரு பதப்படுத்தும் கூடத்துக்குப் போனோம். வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலை, துருப்பிடிக்காத உருக்கு உருளைகள், நிறையக் குழாய்கள். கரியமில வாயுவை 31 டிகிரிக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் கொண்டுபோனால் அது வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நிலைக்கு வந்து பிசினைக் கரைத்தெடுக்கும் என்பதுவரை புரிந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தை நண்பர் ரசித்தார், நான் கொட்டாவி விட்டேன். கடைசியில் ஒரு புட்டியைக் காட்டினார்கள். போதை தராத சி.பி.டி., வெள்ளைப் படிகம். மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எந்த மலை, எந்த வயல், யார் அடித்தது என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை. பெரியவரின் பழைய துணியில் அத்தனை வருடம் கழித்தும் மிளகும் மண்ணும் கலந்த வாசனை இருந்தது.

கையை இயந்திரத்துக்கு மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் மிலா யான்சன் என்ற பெண்மணி துணி உலர்த்தும் இயந்திரம் சுழல்வதைப் பார்த்து, 1994இல் பாலினேட்டர் என்ற சலிப்பு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பலருடைய தோள் தப்பியது. என் ஆத்திரம் வேறு. 2003இல் ஐ.நா.வும் மொராக்கோ அரசும் சேர்ந்து எடுத்த கணக்கைப் பாருங்கள். 1,34,000 ஹெக்டேர், 96,600 விவசாயக் குடும்பங்கள், சுமார் எட்டு லட்சம் பேர். அவர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கிடைத்தது 21.4 கோடி டாலர். அதே சரக்கு ஐரோப்பியத் தெருக்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது சந்தை மதிப்பு 1,200 கோடி டாலர். நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்கூட உழுதவனுக்கு இல்லை. மீதியைத் தின்றவர்கள் படகோட்டிகள், தரகர்கள், கைமாற்றுகிறவர்கள், கண்ணை மூடிக்கொள்ளக் கூலி வாங்கியவர்கள். பிடியாணை மட்டும் உழுதவன் பெயரில்.

2021இல் வந்த 13-21 எண் சட்டம் இதை மாற்றும் என்றார்கள். மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் மட்டும் அல் ஹொசைமா, ஷெஃப்ஷாவென், தௌனாத் மாகாணங்களில் அனுமதி. 2023இல் முதல் சட்டபூர்வ அறுவடை 294 டன். பெல்தியா என்ற நாட்டுச் செடிக்கும் 2024இல் அனுமதி கிடைத்தது. மழையை நம்பியே வளரும் செடி அது. கிணறுகளை வற்றவைத்த கலப்பின ரகங்களுக்கு அதுவே மாற்று. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் முன்பு பெரியவர் விற்றது பிசின். செடியை விடப் பல மடங்கு விலையுள்ள பொருளை அவர் கையே உண்டாக்கியது. இப்போது அவர் விற்பது காய்ந்த தழை, கிலோக் கணக்கில். பிரித்தெடுப்பதற்கு வேறு உரிமம், அதற்கு உருக்கு உருளை வாங்கும் அளவுக்கு முதல் வேண்டும். சில கூட்டுறவுகள் திரட்டியிருக்கின்றன, பாராட்ட வேண்டும். மற்ற ஊர்களில் தரகன் கோட்டு மாட்டிக்கொண்டு கம்பெனியாக உட்கார்ந்திருக்கிறான். பதப்படுத்தும் கூடத்தில் விவசாயிக்குப் பங்கு தராத எந்தச் சட்டமும் கள்ளச்சந்தைக்குத்தான் ஆள் சேர்த்துக் கொடுக்கும்.

பெரியவர் தன் முதல் சட்டபூர்வ அறுவடைக்கான ரசீதை எடுத்துக் காட்டினார். முத்திரை, கையெழுத்து, எடை எல்லாம் சரியாக இருந்தன. பணம் ஒரு தவணைகூட வரவில்லை.