மகரக்கட்டு தாண்டிய குரல்

திங்கள், இரவு

'மாலையிட்ட மங்கை' பாட்டை இன்று மறுபடி போட்டுக் கேட்டேன். தாளம் சேருமுன் டி.ஆர்.மகாலிங்கம் விருத்தமாக எடுக்கிறார். மேல் ஸ்தாயிக்கு நேராகப் போய் நின்று, அங்கேயே பிருகாக்களை உதிர்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் இறங்குகிறார். 1958-ல் வந்த படம். இருபது ஆண்டுக்கு முன் 'நந்தகுமார்' படத்தில் சிறுவன் கிருஷ்ணனாக வந்தவர் இவர்தான்.

செவ்வாய்

பாய்ஸ் கம்பெனி நாடகக்குழுப் பையன்கள் வாத்தியாரின் பிரம்பைவிட அதிகம் பயந்தது, பருவத்தில் குரல் உடையும் மகரக்கட்டுக்குத்தான். மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி ஆள்வரை குரல் போகவேண்டும். அதற்கு ஐந்து கட்டைச் சுருதி. வேஷத்தைத் தீர்மானித்ததே பாட்டுதான். பதின்மூன்று, பதினான்கு வயதில் தொண்டை உடைந்ததும் ராஜபார்ட் என்ற நாயக வேஷம் கைவிட்டுப் போகும். அப்படிக் கூட்டத்தில் கரைந்த பிள்ளைகளின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை. நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

சோழவந்தானை அடுத்த தென்கரையில் 1924-ல் பிறந்த மகாலிங்கம் அதிலிருந்து தப்பித்தார். 1945-ல் 'ஸ்ரீவள்ளி'யில் அவரை முருகனாக்கியவர் 'நந்தகுமார்' எடுத்த அதே ஏ.வி.மெய்யப்பன். கதாநாயகி ருக்மிணியின் பாட்டுகள் எடுபடாமல் பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்துச் சேர்த்தார்கள். மகாலிங்கத்துக்கு அந்தத் தேவையே வரவில்லை. ஆனாலும் ஜனங்கள் அந்தக் குரலில் தேடியது 1933-ல் 27 வயதில் போய்விட்ட நாடகப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பாவை என்றே நினைக்கிறேன்.

வியாழன்

அக்கா மகனுக்குத் தொண்டை உடைந்திருக்கிறது. "மேல் ஷட்ஜம் தொட்டாலே பிசிறுது மாமா" என்றான். தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்தபடி, கதவைச் சாத்திக்கொண்டு மெல்லப் பாடிப் பார்க்கிறான். சுருதிப் பெட்டியை ஒரு கட்டை இறக்கி வைத்தால், யாராவது பார்க்குமுன் மறுபடி ஏற்றிவிடுகிறான். வற்புறுத்திக் கத்தவைக்கும் வயதில்லை இது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

சனி

மகாலிங்கம் சொந்தப் படக் கம்பெனி தொடங்கினார். 'மோகனசுந்தரம்', 'சின்னதுரை' என்று எடுத்தார். கடன் கழுத்தை நெரித்தது. மறுபடி நாடக மேடைக்குப் போனார். கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை'க்கு அழைத்தது அதற்குப் பிறகுதான். மெட்டுப் போட்டவர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தி. பாடகராக மகாலிங்கம் முழு ஆளானது அங்கேதான் என்பேன். பால்யத்தில் கிடைத்த பேரும் கதாநாயகப் பட்டமும் போய், தொண்டை ஒன்றே கைமுதலாக நின்றபோது பாடியது அது.

ஞாயிறு

'திருவிளையாடல்' பார்த்தோம். 1965-ல் பின்னணிப் பாட்டுதான் சட்டம். சிவாஜிக்கு டி.எம்.சௌந்தரராஜன், பாலையாவின் ஹேமநாத பாகவதருக்குப் பாலமுரளிகிருஷ்ணா. பாணபத்திரராக வந்த மகாலிங்கம் தாமே பாடினார். ஔவையாராக வந்த கே.பி.சுந்தராம்பாளும் அப்படியே. சிறுமியாக நாடகத்துக்கு வந்து, கிட்டப்பாவை மணந்த அதே சுந்தராம்பாள். நாடகக் கொட்டகை வளர்த்த இரண்டு பிள்ளைகள், நாற்பதும் ஐம்பதும் கடந்த வயதில், இரவல் குரல் வாங்காமல் நிற்கிறார்கள். பாணபத்திரர் கோயிலில் போய் அழுது பாடும் இடத்தில் பையன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பள்ளி ஆண்டு விழாப் பாட்டைப் பழைய சுருதியிலேயே பாடச் சொல்கிறார்களாம். நாளைக் காலை பாட்டு டீச்சரைப் பார்த்து, இரண்டு கட்டையாவது இறக்கித் தரும்படி கேட்கப்போகிறேன். முடியாதென்றால் இந்த வருஷம் அவன் பாடவேண்டாம்.