பத்துக்கு ஒன்பது



இன்று ஏப்ரல் 15. தமிழ்நாட்டில் திருநங்கையர் தினம். 2008-இல் இதே தேதியில்தான் நம் மாநிலத்தில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2011-இல் அரசு இந்த நாளைத் திருநங்கையர் தினமாக அறிவித்தது. 2014-இல் இதே ஏப்ரல் 15-இல்தான் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. இப்போது சிறந்த திருநங்கை என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒரு லட்சம் ரூபாயும் சான்றிதழும் தருகிறார்கள்.

"தமிழையாவுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நர்த்தகி நடராஜ் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். மதுரை அனுப்பானடியில் பிறந்தவர். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர்தான். அதற்கு முன்பே கலைமாமணி, சங்கீத நாடக அகாடமி விருதுகள். 2021-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரும் ஆனார். இதையெல்லாம் படித்துக் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எனக்கு அந்தக் கதையில் உறைப்பது அவருடைய ஆசிரியர்தான்.

தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை. தஞ்சை நால்வர் மரபில் வந்த பெரிய நட்டுவனார். வைஜயந்திமாலாவுக்கே கற்றுக்கொடுத்தவர். வீட்டை விட்டு வந்த இரண்டு பேர், நர்த்தகியும் அவருடைய தோழி சக்தியும், அவரைத் தேடிப் போய் நின்றார்கள். ஓராண்டு காக்க வைத்தார். பிறகு ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டபோது "இப்படி இருக்காதே, மாற்றிக்கொள்" என்று சொல்லவில்லை. 'நர்த்தகி' என்ற பெயரை அவரே வைத்தார். பல ஆண்டுகள் குருகுலமாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு ஆசிரியர் அப்படி.

இன்னொரு ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறேன்.

போன தை மாதம் ஸ்ரீரங்கத்தில் நம் வீட்டுக் கல்யாணம். உறவினர்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். பெண்ணுக்கு அலங்காரம் செய்தவரைப் பாராட்டாதவர் இல்லை. "யாரு மேக்கப்? எவ்வளவு வாங்குறாங்க?" என்று நம் பெண்களே நம்பர் கேட்டு வாங்கினார்கள். அவர் ஒரு திருநங்கை. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர், "பந்தியில உக்கார வச்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்களோ, ரூமுக்கே அனுப்பிடுவோம்" என்றார். டிபன் கேரியரில் சாப்பாடு போனது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம், நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று மணப்பெண் அறைக்குப் போனேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர், "தமிழையா, நல்லா இருக்கீங்களா?" என்று காலைத் தொட்டார்.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. மணப்பாறையில் நான் வேலை பார்த்த பள்ளியின் பெயரையும், 1996 பத்தாம் வகுப்பையும் சொன்ன பிறகுதான் முகம் பிடிபட்டது. "ஏம்ப்பா, நீயா..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "உக்காரும்மா" என்றேன். அவர் சிரித்தார்.

"ஆம்பளை மாதிரி நடடா" என்று வராந்தாவில் வைத்து அவரிடம் நான் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர், "அது எல்லாரும் சொன்னதுதான் ஐயா. அது மறந்துபோச்சு" என்றார். பிறகு அவருக்கு மறக்காததைச் சொன்னார்.

மனப்பாடச் செய்யுள் தேர்வு. பத்து மதிப்பெண். நான் விடைத்தாளைக் கொடுக்கும்போது பெயரையும் மதிப்பெண்ணையும் சத்தமாக வாசிப்பது வழக்கம். உங்களுக்கெல்லாம் தெரியும். அவர் பெயரை வாசித்து, "ஒன்பது" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நம் ஊரில் அந்த எண்ணை யாரைப் பழிக்கச் சொல்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நீங்களும் சிரிச்சீங்க ஐயா."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

"அதுக்கப்புறம் எந்தப் பரீட்சையிலயும் ஒன்பது வந்துடக் கூடாதுன்னு ஒரு கேள்வியை வேணும்னே விட்டுடுவேன். ஏழு எட்டோட நிறுத்திக்குவேன்."

அந்த நாட்களில் அவரைக் கூப்பிட்டு, "ஏன்டா மார்க் குறையுது, கவனம் எங்க போகுது?" என்று நான் கண்டித்திருக்கிறேன். அதுவும் எனக்கு நினைவில் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவர் பள்ளிக்கு வரவில்லை. பெயரை நீக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். ஏன் வரவில்லை என்று ஒரு நாள் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். சைக்கிளில் பத்து நிமிட தூரம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தினேன். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இனி அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது.

நம் திருச்சியில் வளர்ந்த லிவிங் ஸ்மைல் வித்யா 'நான், வித்யா' என்று தன் வாழ்க்கையை 2007-இல் நூலாக எழுதினார். கன்னடத்தில் அது படமாகி, அதில் நடித்தவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பிறகுதான் அந்த நூலை வாங்கிப் படித்தேன். நாற்பது வயதுக்குள் படித்திருக்க வேண்டிய விஷயத்தை எழுபதுக்கு மேல் படிக்கிறேன். சென்னையில் 2009 முதல் ஜூன் மாதத்தில் வானவில் பேரணி நடக்கிறது. முன்பெல்லாம் அந்தப் படங்களைச் செய்தித்தாளில் பார்த்தால், "இதுக்கு எதுக்கு ஊர்வலம்?" என்று பக்கத்தைத் திருப்புவேன். ஒன்பது என்ற எண்ணுக்குப் பயந்து மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்த பிள்ளை பிறகு தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதற்குத்தான் அந்த ஊர்வலம் என்று இப்போது புரிகிறது.

மேடையில் விருது வாங்குகிறவர்களைப் பார்த்துக் கைதட்டுவது சுலபம். அவர்கள் அந்த மேடைக்கு வருவதற்கு முன்னால் ஏதோ ஒரு வகுப்பறையில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். அங்கே ஒரு கிட்டப்பா பிள்ளை இருந்தாரா, என்னைப் போல ஒருவன் இருந்தானா என்பதுதான் கேள்வி.

என் மாணவர்களில் நாற்பது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். மற்றவர்கள் சிரிக்கும்போது நீங்கள் சிரிக்காமல் இருங்கள். முதலில் அது போதும். மதிப்பெண் குறைந்தால் காரணத்தைக் கேளுங்கள். பள்ளிக்கு வராவிட்டால் வீட்டுக்குப் போங்கள். 1996-இல் அந்த வகுப்பில் உட்கார்ந்து சிரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்குப் பதினைந்து வயது. எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் போனில் கேட்டேன். "எழுதுங்க ஐயா, பேரு மட்டும் வேணாம்" என்றார். ஆகவே யாரும் கீழே பெயரைக் கேட்கவோ ஊகிக்கவோ வேண்டாம்.

உறவுகளுக்கு ஒரு செய்தி. வைகாசியில் நம் வீட்டில் அடுத்த கல்யாணம். மேக்கப்புக்கு வேறு ஆளைச் சொல்லியாகிவிட்டது. அவருக்கு நானும் என் மனைவியும் நேரில் போய், தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்து அழைத்துவிட்டு வந்திருக்கிறோம். முதல் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருவார். வருகிறவர்கள் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழையா,
மணப்பாறை.